நாமக்கல்லில் ஓர் இணைச்சீர்

பெட்டியில் பாதி புத்தகம், மீதி வெள்ளைக் காப்பித்தூளும் சேலைகளும். மலேசியாவின் கிள்ளானில் நான் பெட்டியை மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது என் மகள் கேட்டாள், “அம்மா, நீங்க கல்யாணத்துக்குப் போறீங்களா, கருத்தரங்குக்குப் போறீங்களா?” இரண்டுக்கும்தான் என்றேன். அது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்கே தெரியாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆட்டோ என்னை இறக்கிவிட்ட இடத்தில் மிளகாய் மூட்டைகள் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. தும்மிக்கொண்டே பெட்டியை இழுத்தேன். முதல் சந்துக்குள் திரும்புவதற்குள் அதன் சக்கரம் ஒன்று கழன்று சாக்கடைக்குள் போனது. பெண்ணியம், நிறவெறி, அடையாள அரசியல் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டுதான் பூங்கொடியின் வீட்டு மாடிப்படியை ஏறினேன். பெட்டியைப் பாதிப் படியில் வந்து வாங்கிக்கொண்டவள், “என்னங்கக்கா, கல்லு ஏத்தீட்டு வந்தீங்களா?” என்றாள்.

பூங்கொடியை நான் நேரில் பார்த்தது அன்றுதான். ஆனால் சில வருடங்களாக அவளோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து புத்தகம் படிக்கிற வாட்ஸப் குழு ஒன்றை நான் நடத்துகிறேன். கறுப்பினப் பெண்களின் கட்டுரைகள், நம்மூர்ப் பெண்களின் தன்வரலாறுகள், உடல் பற்றி, உழைப்பு பற்றி, சாதி பற்றி என்று மாதம் ஒரு புத்தகம். ஒரு வாரம் படிப்போம், மூன்று வாரம் அடித்துக்கொள்வோம். சாதியும் நிறவெறியும் ஒன்றா என்ற கேள்வியில் மட்டும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி, பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள். பூங்கொடி மருந்து மொத்த விற்பனைக் கடையில் வேலை பார்க்கிறாள். மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் படித்துவிட்டு, எங்களில் யார் புத்தகத்தைப் படிக்காமல் பேசுகிறோம் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவாள். பெரும்பாலும் அது நானாக இருக்கும்.

இந்தமுறை சண்டை புத்தகத்தைப் பற்றி அல்ல, அவளைப் பற்றியே.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. வேறு சாதியைச் சேர்ந்த முருகேசனைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. தம்பி கார்த்தி மட்டும் ரகசியமாகப் போன் செய்வான். இப்போது அவனுக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்போல அலங்கரித்துக்கொண்டு, மூடி போட்ட கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு சேலையின் ஒரு முனை அண்ணன் தம்பி கையில், மறுமுனை அவள் கையில். உனக்குப் பெண்டாட்டி வந்தாலும் நான் உன் கூடப்பிறந்தவள்தான், என் பிள்ளைகளுக்கு உன் வீட்டில் உரிமை உண்டு என்று ஊர் பார்க்கச் சொல்வது அது. பூங்கொடியின் அப்பா, அவள் கல்யாணத்துக்கு வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், சேலையைச் சித்தப்பா மகள் தீபா பிடிப்பாள் என்று முடிவு செய்துவிட்டார்.

தான் அங்கே நிற்க வேண்டும் என்று பூங்கொடி குழுவில் எழுதினாள். அவ்வளவுதான், எங்கள் போன்கள் சூடாகிவிட்டன. பெண்ணை ஒரு கூடையோடு நிறுத்தி வைக்கும் சடங்கில் இடம் கேட்பது பெண்ணியமா என்று டொரோண்டோவிலிருந்து ஷாமினி நீளமாக எழுதினாள். மறுக்கப்பட்ட இடத்தில் போய் நிற்பதே அரசியல் என்றாள் எங்கள் நாட்டு ஜொகூர்க்காரி ஒருத்தி. விழுப்புரத்துச் செல்வி ஒன்றே ஒன்றுதான் எழுதினாள். “எந்தச் சாதிக்கு எந்தச் சீர்னு ஒரு வரிசை இருக்கு பூங்கொடி. அந்த வரிசையைக் கலைக்காம அதுல உனக்கு ஒரு இடம் கேக்குற.” நான் போகாதே என்ற கட்சி. அதை நேரிலேயே சொல்லி அவள் மனதை மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் எனக்குத் தட்டுவடை செட் வாங்கித் தந்தாள். இரண்டு சின்னத் தட்டை வடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச்சட்னி. முதல் கடியிலேயே எல்லாம் என் சேலையில் விழுந்தது. கிள்ளானில் நாங்கள் வடையைச் சும்மா சாப்பிடுகிறவர்கள். சேலத்துக்காரர்கள் அதற்கும் ஒரு துணை சேர்த்துவிட்டார்கள். பூங்கொடியின் மகள் நிலா, மூன்று வயதுக்காரி, சிந்தாமல் சாப்பிட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். பூங்கொடி முழுவதும் கேட்டாள்.

“நீங்க சொல்றதெல்லாம் சரிங்கக்கா. ஷாமினி சொல்றதும் சரி, செல்வி சொல்றது ரொம்பச் சரி. எங்க கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசுல. எங்கூட்டுல இருந்து ஒரு காக்கா குருவி வரல. நாளைக்கு இவ பெருசாகி எனக்கு மாமன் இருக்காரான்னு கேட்டா, போன்ல இருக்காருன்னா சொல்லோணும்? ஊரு பாக்க ஒரு தடவை நிக்கோணும். அவ்வளவுதான்.”

எனக்குக் கோபம் வந்தது, அதைத் தட்டுவடையின் மேல் காட்டினேன்.

மறுநாள் நாங்கள் சங்ககிரி வழியாகப் போனோம். முருகேசன் அங்கே லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு திருச்செங்கோடு வழியாக நாமக்கல் போவதாகத் திட்டம். பஸ்ஸில் பூங்கொடி நிலாவோடு முன்னால் உட்கார, எனக்குப் பின் சீட்டில் ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“ஏனுங்க, எந்த ஊருங்க?”

“கிள்ளான். மலேசியா.”

“அது சரிங்க. பூர்வீகம்?”

“தெரியாதுங்க. கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறிப் போனவர்.”

“கொலசாமி எதுங்க?”

“எங்க ரப்பர் தோட்டத்துல ஒரு முனியாண்டி கோயில் இருந்துச்சு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “முனியாண்டி எல்லாத்துக்கும் பொதுங்களே” என்றார். பிடி கிடைக்காத ஏமாற்றம் அவர் குரலில் அப்படியே தெரிந்தது.

எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாலும் விண்ணப்பப் பாரத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இந்தியர் என்று எழுதியே வளர்ந்தவள் நான். அந்தக் கட்டத்தின்மேல் எனக்கு வாழ்நாள் கோபம் உண்டு, அதைப் பற்றிக் குழுவில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். இங்கே பாரம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று கேள்விகள் போதும், அதுவும் பிரியமாக, கையில் ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்துக்கொண்டே கேட்கிறார்கள். கோபப்படலாமா, பழத்தைச் சாப்பிடலாமா என்று தெரியாமல் நான் சாப்பிட்டேன். நல்ல பழம்.

முருகேசன் சங்ககிரி பஸ் நிலையத்தில் சலவைச் சட்டையோடு காத்திருந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். “பசியாறிட்டீங்களா?” என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன். சிரித்துக்கொண்டே, “காலையில பசியாறியாச்சுங்க” என்று அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கையில் ஒரு பட்டு வேட்டிப் பொட்டலம் இருந்தது. கார்த்திக்கு என்றார்.

திருச்செங்கோடு தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் இருந்து ஆவி. நடத்துனர், “வேற வண்டி வரும், எறங்கி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்து நிழலில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். வேறு வண்டி வரவில்லை. அதற்குப் பதில் புது லாரிகள் வந்தன, ஆனால் முழு லாரிகள் அல்ல. சக்கரமும் எஞ்சினும் மட்டும் இருக்க, திறந்த வெளியில் போட்ட ஒரு சீட்டில் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்ட டிரைவர். நாமக்கல்லுக்குப் பாடி கட்டப் போகிற வண்டிகள் என்று முருகேசன் விளக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக அவை தூசியை எங்கள் மேல் வாரி இறைத்துவிட்டுப் போயின.

கடைசியில் முருகேசன் கை காட்டி ஒரு முட்டை வண்டியை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த டிரைவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றப் போகிற காலி வண்டி. பின்னால் அடுக்கியிருந்த வெறும் அட்டைகளை ஒதுக்கிவிட்டு முருகேசன் உட்கார, நாங்கள் முன்னால் நெருக்கிக்கொண்டோம். வண்டி முழுவதும் கோழி வாசம். டிரைவர் என்னிடம், “மலேசியாவுல முட்டை என்ன வெலைங்க?” என்று கேட்டார். அந்த ஊரில் என் பூர்வீகத்தைக் கேட்காத ஒரே மனிதர் அவர்தான்.

வழியில் போன் சிணுங்கிக்கொண்டே வந்தது. ஷாமினி இன்னொரு நீளமான பதிவு போட்டிருந்தாள். படிக்க முயன்றேன், வண்டி குதித்த குதியில் எழுத்தெல்லாம் ஆடியது. பூங்கொடி தன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டாள்.

மண்டபத்து வாசலில் முருகேசன் வேட்டிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். “ஒரு போன் பேசோணும். நீங்க போங்க, பின்னாலயே வாரேன்” என்றார். நாங்கள் போனோம்.

உள்ளே வரவேற்ற அத்தை ஒருவர் பூங்கொடியை, “வா கண்ணு” என்று கன்னத்தைத் தொட்டு அழைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தயாராக இருந்தேன். ஊர், பூர்வீகம், குலசாமி மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மற்ற பெண்களிடம் திரும்பி, “இவிய மலேசியாக்காரங்க” என்று அறிவித்தார். அதுவே ஒரு சாதிபோல ஆகிவிட்டது. முதல் வரிசையில் நாற்காலி, கையில் ஜில்லென்று கலர் சோடா, தட்டில் கச்சாயம். நான் யார், எந்தத் தெருவிலிருந்து என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறினார், அந்தத் தெரு ஊருக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா, யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கடல் தாண்டி வந்ததால் அந்தக் கேள்வி எனக்கு மன்னிக்கப்பட்டுவிட்டது. கச்சாயம் வெல்லமும் எண்ணெயுமாக அருமையாக இருந்தது, ஆனால் எளிதாக இறங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சீருக்குக் கூப்பிட்டார்கள். மணமேடையில் கார்த்தி உட்கார்ந்திருந்தான். தீபா, பாவம், கல்லூரிப் பெண், கூறைச்சேலையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றாள். சீர்களை நடத்தி வைக்கிற அருமைக்காரர் கூடையை எடுத்தார். எடுத்தவர் சபையைப் பார்த்தார். முதல் வரிசையில் என் பக்கத்தில், மடியில் குழந்தையோடு, பூங்கொடி.

“பொறந்தவ மண்டபத்துக்குள்ள இருக்கறாளே?” என்று அவளுடைய அப்பாவைக் கேட்டார்.

“இருக்கட்டுமுங்க. தீபாவ வெச்சுப் பண்ணுங்க.”

“அதெப்படிங்க? அவ வராம இருந்திருந்தா பங்காளி புள்ளைய நிறுத்தலாம். கூடப்பொறந்தவ சபையில உக்காந்திருக்கறப்ப இன்னொருத்திய நிறுத்துனா அந்தச் சீரு செல்லாதுங்க.”

ஊர் வாய்க்குப் பயந்து மகளைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். அழைத்த காரணத்தாலேயே மாட்டிக்கொண்டார்கள். கார்த்தி தன் பக்கத்துச் சேலை முனையைத் தொடாமல் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். தீபா யாரையும் கேட்காமல் மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

பெரியவர்கள் தூணோரம் கூடிப் பேசினார்கள். பிறகு அந்த அத்தை எங்களிடம் வந்தார். “உங்கப்பா செரின்னுட்டாரு கண்ணு. சீக்கிரம் சேலைய மாத்திக்கிட்டு வா. கொழந்தைய மட்டும் இங்கயே உட்டுரு. மேல வேண்டாம்.” என்னைப் பார்த்து, “அம்மிணி, நீங்க வெச்சுக்கோங்க” என்றார்.

நிலாவை என் மடிக்கு மாற்றிவிட்டுப் பூங்கொடி எழுந்து போனாள். நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் படித்த அத்தனை புத்தகங்களும் பெண்ணைப் பற்றிப் பேசியவை. இங்கே அவர்கள் பயந்தது பெண்ணைப் பார்த்து அல்ல, என் மடியில் கலர் பாட்டிலின் மூடியை நக்கிக்கொண்டிருந்த அவள் மகளைப் பார்த்து. மாமன் வீட்டில் உரிமை என்றால் அந்த உரிமை இவளுக்குத்தானே வரும்.

பூங்கொடி கூறைச்சேலையில், தலை நிறையப் பூவோடு வந்தாள். நேராக மேடைக்குப் போகவில்லை. என்னிடம் வந்து கையை நீட்டினாள். கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு நேரமே இல்லை, நிலா தானாகத் தாவிவிட்டாள். மகளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

“கொழந்தைய எறக்கி உடு” என்றார் அப்பா. அத்தனை வருடம் கழித்து அவர் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அருமைக்காரர் கூடையை நீட்டத் தயங்கினார். “கூடைய இடுப்புல வெக்கோணும் சாமி.”

“குடுங்க. எனக்கு ரெண்டு இடுப்பு இருக்குதுங்க” என்றாள் பூங்கொடி.

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். கூடை வலது இடுப்புக்கு வந்தது. கையில் இடமில்லாததால் அருமைக்காரரின் மனைவி சேலை முனையை அவள் விரல்களுக்குள் செருகினார். மறுமுனையைக் கார்த்தி எடுத்தான். அப்பா மேடையை விட்டு இறங்கிச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். சீர் நடந்தது. நான் அழுதேன், சடங்குகளை எதிர்த்து அத்தனை எழுதியவள், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அப்படியே போட்டோவும் எடுத்ததில் பாதிப் படங்கள் வீணாகிவிட்டன.

முடிந்ததும் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று வெளியே வந்தேன். சிக்னலுக்காக வாசல் வரை நடந்தபோதுதான் முருகேசனைப் பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்தில், அதே சலவைச் சட்டையில், ஒரு பைக்கின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். அவர் உள்ளே வரவில்லை என்பதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

“நின்னாளுங்களா?” என்று கேட்டார்.

போனைக் கொடுத்தேன். படத்தை விரலால் பெரிதாக்கி, முதலில் மனைவியை, பிறகு மகளை, பிறகு கார்த்தியின் கையை வெகுநேரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, “என்னைய யாராச்சும் கேட்டாங்களாங்க?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். “இல்லைங்க” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வரிசையைப் பற்றிச் செல்வி எழுதிய வரியை நான் மறுபடி போனில் தேடிப் படிக்கத் தேவையில்லாமல் போனது.

கொஞ்ச நேரத்தில் பூங்கொடி வந்தாள். கூறைச்சேலை, பூ, தூங்கிப்போன குழந்தை. உள்ளே பந்தி ஆரம்பித்துவிட்டது, கார்த்தியைப் பெண் வீட்டார் சூழ்ந்திருக்கிறார்கள் என்றாள்.

“நீ போய்ச் சாப்பிடு. மலேசியா அக்காவையும் கூட்டீட்டுப் போ” என்றார் முருகேசன். “நான் அப்பறமாப் பாத்துக்கறேன்.”

“காலைல முகூர்த்தத்துக்கு நீங்களும் உள்ள வாரீங்க” என்றாள் அவள். “இப்ப வாங்க, பசிக்குது.” குழந்தையை அவர் தோளில் சாய்த்துவிட்டு ரோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மெஸ். பரோட்டாக் கல்லின் சத்தம். பட்டும் பூவுமாக ஒருத்தி உள்ளே நுழைந்ததைப் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் தலை தூக்கினார்கள். கடைக்காரர் மண்டபத்துச் சீரியல் விளக்குகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கல்யாணம் யாருக்குங்க?”

“எம் மச்சினனுக்குங்க” என்றார் முருகேசன். அன்று முழுவதிலும் அவர் சத்தமாகப் பேசியது அதுதான். அந்தச் சொல்லை மண்டபத்துக்குள் அவரைச் சொல்லவிட ஆளில்லை, அதனால் மெஸ்ஸில் சொன்னார்.

“அப்ப அங்க சாப்பாடு போடலீங்களா?”

“போடறாங்க” என்றாள் பூங்கொடி. “நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்கார எடமில்லீங்க.”

கடைக்காரர் சுவரோரம் இருந்த நீள மேசையைத் துடைத்து, நாலு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். தூங்குகிற குழந்தைக்கும் சேர்த்து.